மணலில் வேரோடிய அருகு

1970களில் துபாயில் கோல்ஃப் ஆடப் போனவர்கள் புல்லைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்கள். வாசல் மிதியடி அளவில் ஒரு செயற்கைப் புல் விரிப்பு. பந்து விழுந்த இடத்துக்கு மணலில் கால் புதைய நடந்து போவார்கள். கம்பு நட்டுக் குறித்த எல்லைக்குள் பந்து கிடந்தால், விரிப்பைத் தரையில் போட்டு, பந்தை அதன்மேல் தூக்கி வைத்து அடிக்கலாம். எல்லைக்கு வெளியே போய்விட்டால் அந்தச் சலுகை கிடையாது, மணலிலிருந்தே அடித்துக் கிளப்ப வேண்டியதுதான். அடித்ததும் விரிப்பை உதறிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த அடிக்கு நடை. பதினெட்டுக் குழிக்கும் இப்படியே.

குழி இருக்கும் இடத்தை உலகமெல்லாம் 'கிரீன்' என்பார்கள். இங்கே அதற்குப் பெயர் 'பிரவுன்'. மணலில் எண்ணெயைக் கலந்து, உருளையால் அழுத்தி, மெழுகித் தரை போட்டதுபோல ஆக்கியிருப்பார்கள். எண்ணெய் பட்ட மணல் காற்றில் பறக்காது, பந்தும் ஓரளவு நேராக உருளும். ஆடி முடித்தவர்கள் அடுத்து வருகிறவர்களுக்காகத் தங்கள் கால்தடங்களைத் துடைப்பத்தால் இழுத்துச் சமன் செய்துவிட்டுப் போக வேண்டும். அல் அவீர் சாலையில் 1971ல் தொடங்கிய துபாய் கன்ட்ரி கிளப்பில் இப்படித்தான் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆடினார்கள். 2007ல் நகரம் விரிந்து வந்து அந்த இடத்தை எடுத்துக்கொண்டது.

இந்த மணல் ஆட்டம் துபாய்க்காரர்களின் கண்டுபிடிப்பு இல்லை. எண்ணெய்க் கம்பெனிகளின் பின்னால் வந்தது. பஹ்ரைனில் 1932ல் எண்ணெய் கிடைத்தது. அங்கே கம்பெனி தன் ஊழியர்களுக்காகக் கட்டிய அவாலி என்ற ஊரில் 1937லேயே கோல்ஃப் கிளப் வந்துவிட்டது. பிறகு குவைத்தின் அஹ்மதி, சவூதியின் தஹ்ரான், மஸ்கட்டின் ராஸ் அல் ஹம்ரா. வேலிக்குள் ஒரு குட்டி இங்கிலாந்து அல்லது குட்டி அமெரிக்கா, அதற்கு ஒரு கிளப், கிளப்புக்கு ஒரு கோல்ஃப் மைதானம். நிலத்துக்குப் பஞ்சமில்லை. தண்ணீருக்குப் பஞ்சம். எண்ணெய் காலடியில். ஆக, தண்ணீர் ஊற்ற வேண்டிய இடத்தில் எண்ணெயை ஊற்றினார்கள். அவ்வளவுதான் அந்தத் தொழில்நுட்பம்.

எனக்கு இந்த ஆட்களை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் மரியாதையும் வருகிறது. ஆட்டத்தை விட மனசில்லை, ஆனால் நிலத்தைக் கேட்டுத்தான் ஆடினார்கள். ஆஸ்திரேலியாவில் ஓபல் கல் தோண்டுகிற கூபர் பீடி என்ற பாலைவன ஊரில் இன்றைக்கும் இப்படித்தான் ஆடுகிறார்கள். வெயிலுக்குப் பயந்து ஊரில் பாதிப்பேர் தரைக்கடியில் வீடு குடைந்து வாழ்கிற இடம் அது. கோல்ஃபின் தாய்வீடான செயின்ட் ஆண்ட்ரூஸுடன் அந்தக் கிளப்புக்குப் பரஸ்பர விளையாட்டு உரிமை உண்டு. ஒரு புல் கூட இல்லாத மைதானத்தின் உறுப்பினர் ஸ்காட்லாந்துக்குப் போய் ஆடலாம்.

உண்மையில் செயின்ட் ஆண்ட்ரூஸும் மணல்தான். கடலுக்கும் வயலுக்கும் நடுவில், விவசாயத்துக்கு லாயக்கில்லாத மணல்மேட்டு நிலத்தில் பிறந்த ஆட்டம் இது. புல்லை மழை வளர்த்தது, ஆடும் முயலும் மேய்ந்து மட்டம் செய்தன. ஆடுகள் காற்றுக்கு ஒதுங்கிப் படுத்துத் தேய்ந்த பள்ளங்கள்தான் பின்னாளில் 'பங்கர்' ஆயின என்று சொல்வார்கள். பராமரிப்பு என்று தனியாக ஒன்று தேவைப்படாத நிலத்திலிருந்து வந்த ஆட்டம், மழை கிட்டத்தட்ட இல்லாத ஊருக்குக் குடிபெயர்ந்தால் என்ன ஆகும்? மேகம் செய்த வேலை, ஆடு செய்த வேலை எல்லாவற்றையும் யாரோ சம்பளத்துக்குச் செய்ய வேண்டியிருக்கும்.

*

அந்த யாரோ என்பவர்களில் சிலரை எனக்குத் தெரியும். 2009 முதல் ஆறு வருடம் துபாயில் தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தக் கம்பெனி ஒன்றின் பாசனப் பிரிவில் கணக்கெழுதினேன். மீட்டர் அளவுகள், பம்ப் நேரம், வால்வு உதிரி பாகங்கள், ஆள் கணக்கு. கோல்ஃப் மைதானத்துக்குள் ஒருநாளும் பந்தடித்ததில்லை. அது எத்தனை லிட்டர் குடிக்கும் என்று மட்டும் தெரியும். இந்த வரலாற்றை நான் தேடிப் படிக்க ஆரம்பித்ததே அந்த லிட்டர் கணக்கால்தான்.

1980களின் நடுவில் துபாய் ஒரு முடிவெடுத்தது. எண்ணெய் அபுதாபியைப்போல இங்கே நிறைய இல்லை, இருப்பதும் தீரும். ஆகவே ஊரையே விற்பனைக்கு உகந்ததாக மாற்றுவது. 1985ல் ஜெபல் அலி சுதந்திர வணிக மண்டலம், அதே ஆண்டு எமிரேட்ஸ் விமான நிறுவனம். 1988ல் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப். இந்த மூன்றையும் ஒரே வரியில் வைத்துப் படித்தால்தான் மூன்றாவது புரியும். ஷேக் முகமது பின் ராஷித் அல் மக்தூம் அப்போது துபாயின் ஆட்சியாளர் ஆகவில்லை, பட்டத்து இளவரசர்கூட இல்லை. அவருடைய முன்கையில்தான் இது நடந்தது. ஃபுளோரிடாவைச் சேர்ந்த கார்ல் லிட்டன் வடிவமைத்தார். அபுதாபி போகும் நெடுஞ்சாலை ஓரம், சுற்றிலும் வெறும் மணல். வளைகுடாவில் முழுக்கப் புல்லால் ஆன முதல் போட்டித்தர மைதானம் அதுதான். கிளப் கட்டடத்தை பெதூயின் கூடாரங்களின் சாயலில் கட்டினார்கள். மைதானத்துக்கு 'மஜ்லிஸ்' என்று பெயர். மறுவருடமே, 1989ல், ஐரோப்பிய சுற்றின் போட்டி ஒன்று அங்கே நடந்தது. இங்கிலாந்தின் மார்க் ஜேம்ஸ் ஜெயித்தார்.

அந்தக் காலத்து வான்வழிப் புகைப்படங்களைப் பார்த்தால் ஒன்று புரியும். பழுப்பு நிறக் காகிதத்தில் யாரோ பச்சை மை கொட்டிவிட்டதுபோல இருக்கும். அது கோல்ஃப் மைதானம் மட்டுமில்லை, விளம்பரப் பலகையும்தான். இங்கே இது முடியுமென்றால் எதுவும் முடியும் என்று சொல்கிற பலகை. இன்றைக்கு அதைச் சுற்றி நிற்கும் மெரினாப் பக்கத்துக் கோபுரங்கள் அந்தப் பச்சைக்குப் பிறகு வந்தவை என்பதை மறந்துவிடக் கூடாது.

தண்ணீர் எங்கிருந்து? ஜெபல் அலியில் 1979 முதல் ஓர் அலுமினிய உருக்காலை ஓடிக்கொண்டிருந்தது. உருக்குவதற்கு வேண்டிய மின்சாரத்தை அதுவே எரிவாயுவில் தயாரித்தது. அப்போது வீணாகும் வெப்பத்தைக் கொண்டு கடல்நீரைக் காய்ச்சி நன்னீராக்கியது. அந்த நீர்தான் குழாய் வழியே மைதானத்துக்கு வந்தது. ஒரு டீஸ்பூன் மழை கூட இல்லாமல், அலுமினியத்தின் வெந்நீரில் முளைத்த புல்.

லிட்டர் கணக்குக்கு வருகிறேன். பள்ளிக்கூடக் கணக்குதான். ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது பத்தாயிரம் லிட்டர். பதினெட்டுக் குழி மைதானத்தில் தண்ணீர் பாய்ச்சும் பரப்பு நாற்பது ஹெக்டேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைகுடாக் கோடையில் வெப்பம் தாங்கும் புல்கூட நாளொன்றுக்கு ஏழு மில்லிமீட்டர் போலக் குடித்து ஆவியாக்கிவிடும். பெருக்கினால் இருபத்தெட்டு லட்சம் லிட்டர், ஒரே நாளைக்கு. காற்றில் போகிறது, உப்பைக் கழுவ விடுகிறது என்று சேர்த்தால் முப்பது லட்சத்தைச் சாதாரணமாகத் தாண்டும். துபாயில் வருடம் முழுக்கப் பெய்யும் மழை சராசரியாக நூறு மில்லிமீட்டருக்குப் பக்கம். அந்த மழை மொத்தத்தையும் ஒரு சொட்டு விடாமல் பிடித்துவைத்தாலும் கோடையில் இரண்டு வாரத்துக்குத்தான் வரும். மீதி நாளுக்கெல்லாம் தண்ணீரை 'செய்ய' வேண்டும். வளைகுடாவில் தண்ணீர் எடுப்பது, இறைப்பது என்று யாரும் சொல்வதில்லை. உற்பத்தி என்றுதான் சொல்வார்கள். ஆலையில் செய்கிற பொருள்.

*

இனி அந்தப் புல். பாலைவன கோல்ஃபின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இது நம் வீட்டு வாசலில் ஆரம்பிக்கிறது.

ஆங்கிலத்தில் பெர்முடா புல் என்பார்கள். தாவரவியல் பெயர் சைனோடான் டாக்டிலான். அதாவது அருகம்புல். நாம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகு. 'ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி' என்று கல்யாணத்தில் பெரியவர்கள் வாழ்த்துவார்கள். அதில் உள்ள அருகு வெறும் அலங்காரச் சொல் இல்லை, துல்லியமான தாவரவியல் கவனிப்பு. இந்தப் புல் தரைக்கு மேலும் ஓடும், தரைக்குக் கீழும் ஓடும். கணுவுக்குக் கணு வேர்விடும். வெட்டினால் வெட்டின துண்டு ஒவ்வொன்றும் தனிச் செடியாகும்.

வயல்காரனுக்கு இது வாழ்த்தில்லை, சாபம். உலகத்தின் மோசமான களைகளை வரிசைப்படுத்திய தாவர அறிஞர்கள் முதலிடத்தைக் கோரைக்கும் இரண்டாம் இடத்தை அருகுக்கும் கொடுத்திருக்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி யாரைக் கேட்டாலும் ஆராய்ச்சி இல்லாமலே இதைச் சொல்லியிருப்பார்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்று ஓர் ஊர். அங்கே க்ளென் பர்ட்டன் என்ற அரசாங்க வேளாண் விஞ்ஞானி மாட்டுத் தீவனப் புல்லில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தென் மாநிலங்களின் கோல்ஃப் மைதானக்காரர்களிடம், உங்கள் கிரீன்களில் தானாகவே நன்றாக வந்திருக்கும் புல் திட்டு இருந்தால் அனுப்பிவையுங்கள் என்று கேட்டு வாங்கினார். வந்தவற்றை ஆப்பிரிக்காவின் மெல்லிய இலை கொண்ட இன்னொரு சைனோடான் இனத்தோடு கலந்தார். அப்படி வந்தவை 1956ல் டிஃப்கிரீன், 1960ல் டிஃப்வே 419, 1965ல் டிஃப்ட்வார்ஃப். வெயிலைத் தாங்கும், மிதிபடுவதைத் தாங்கும், நெருக்கமாகப் பின்னிக்கொள்ளும். உலகத்தின் வெப்பநாடுகளில் நீங்கள் டிவியில் பார்க்கிற கோல்ஃப் மைதானங்களில் பெரும்பாலானவற்றின் குலம் இந்த டிஃப்டன் குடும்பம்தான். மஜ்லிஸின் நடுப்பாதைகளில் ஓடியதும் 419.

இந்தக் கலப்பினங்களுக்கு ஒரு விசித்திரம் உண்டு. மூன்று தொகுதி குரோமோசோம்கள் இருப்பதால் இவை மலடு. விதை கட்டாது. துண்டு துண்டாக வெட்டி நட்டுத்தான் பரப்ப முடியும். ஆகவே உலகத்தில் எங்கே 419 இருந்தாலும், அது ஜார்ஜியாவில் முளைத்த அந்த ஒற்றைச் செடியின் துண்டுதான். பின்னால் வந்த டிஃப்ஈகிள் என்ற வகையைக் கோபால்ட் கதிர்வீச்சு பாய்ச்சி உண்டாக்கினார்கள். பிள்ளையாருக்கு உகந்த புல் அணுக்கதிர் வாங்கி, மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்குக் கத்தரிக்கப்பட்டு, துபாயில் ஒரு பந்து உருள்வதற்காகப் படுத்துக்கிடக்கிறது.

அல் கூஸில் எங்கள் கேம்ப் அறையில் ஒரத்தநாட்டுப் பக்கத்து அண்ணன் ஒருவர் இருந்தார். வயது நாற்பத்தைந்துக்கு மேல். ஒரு கோல்ஃப் மைதானத்தில் கிரீன் வெட்டுகிற வேலை. ஊரில் வரப்பில் அருகு பிடுங்கியே முதுகு போனது என்பார். இங்கே அதே அருகுக்குக் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல உரம் ஊட்டுகிறார். ஒரு விநாயகர் சதுர்த்திக்கு மைதானத்து ஓரத்தில், மெஷின் எட்டாத இடத்தில் நீண்டு வளர்ந்திருந்ததைக் கிள்ளிக் கொண்டுவந்தார். அறையில் ஒருவன் சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, இது அமெரிக்காக்காரன் பண்ண புல்லு. சாமிக்கு ஆகுமா?"

"அவன் பண்ணலடா. நம்மகிட்ட இருந்ததத்தான் திருப்பி நம்மகிட்டயே விக்கிறான். போய் கற்பூரத்த எடு."

*

கோடையில் அவருக்கு வேலை விடியற்காலை நான்கு மணிக்கு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது அமீரகச் சட்டம். ஆகவே எல்லாம் முன்னால் நகர்ந்துவிடும். இரவெல்லாம் ஸ்பிரிங்லர்கள் சுற்றும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைகள், எந்தத் தலை எத்தனை நிமிடம் என்று கம்ப்யூட்டர் முடிவுசெய்யும். இரவில்தான் காற்றும் ஆவியாவதும் குறைவு. விடிவதற்குள் ஆட்கள் இறங்குவார்கள். கிரீனைத் தள்ளுமெஷினில் வெட்டுவது தனி வித்தை. கோடு கோணினால் மேனேஜர் கண்ணுக்கு முதலில் அதுதான் தெரியும். ஒருவர் பங்கர் மணலை வாருவார். ஒருவர் பழைய குழியை மூடி, நான்கேகால் அங்குல விட்டத்தில் புதுக் குழி வெட்டுவார். தினமும் ஒரே இடத்தில் மிதித்தால் புல் செத்துப்போகும், அதனால் குழி இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

கம்ப்யூட்டர் எவ்வளவுதான் கணக்குப் போட்டாலும் எங்காவது ஒரு மூலை காயும். அதைக் கண்டுபிடிப்பது கண்தான். அண்ணன் சொல்வார்: "மிதிச்சுட்டு திரும்பிப் பாரு. அடி வச்ச தடம் எந்திரிக்கலன்னா அதுக்குத் தாகம்னு அர்த்தம்." பசும்பச்சை லேசாக நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்துக்குப் போகும். அப்போது கைக்குழாயோடு ஓட வேண்டும். உச்சிவெயிலில் இலையை மட்டும் நனைத்துக் குளிரவைப்பது வேறு கணக்கு. அது வேருக்குத் தண்ணீர் இல்லை, காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணி போடுவதுபோல.

பங்கர் மணல் விஷயம் கேட்டால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். பாலைவன மணல் பல மைதானங்களுக்கு ஆகாது. காற்றில் உருண்டு உருண்டு வழவழவென்று உருண்டையாகிவிட்ட மணல் அது. பந்து விழுந்தால் உள்ளே புதைந்துபோகும், சரிவில் நிற்காது. கோணல்முனை உள்ள வெள்ளை மணலை விலைக்கு வாங்கிக் கொட்டுவார்கள். பில்லில் 'மணல்' என்று பார்த்தபோது யாரோ தவறாக எழுதிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

குளிர்காலம் வந்தால் இன்னொரு கூத்து. இரவில் குளிர்ந்தால் அருகு சோம்பிவிடும், நிறம் மங்கும். ஆனால் சீசனே அப்போதுதான். துபாயின் பெரிய போட்டி ஜனவரி, பிப்ரவரி பக்கம். டிவியில் பழுப்பு தெரியக் கூடாது. ஆகவே அக்டோபர் வாக்கில் அருகை ஒட்டச் சிரைத்து, அதன் தலைமேலேயே ரை என்ற குளிர்நாட்டுப் புல்லை விதைப்பார்கள். முளைக்கும்வரை ஒரு நாளைக்குப் பலதடவை தண்ணீர். கேமரா பார்க்கிற அந்தப் பளபளப்புப் பச்சை இந்த விருந்தாளியுடையது. வெயில் ஏறியதும் அது செத்து, கீழே காத்திருந்த அருகு மறுபடி மேலே வரும்.

இந்த ஏற்பாடெல்லாம் துபாயின் சொந்தச் சரக்கில்லை. கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் பக்கம் எழுதப்பட்ட பாடம் இது. கோச்செல்லா பள்ளத்தாக்கில் முதல் 18 குழி மைதானமான தண்டர்பேர்டு 1951ல் வந்தது. சுற்றிலும் வீட்டுமனைகள். புல்லைப் பார்த்தபடி வீடு என்றால் விலை கூடும் என்பதை உலகம் அங்கேதான் கற்றுக்கொண்டது. ஒன்று நூறைத் தாண்டிப் பெருகியது. நிலத்தடி நீர் இறங்க, 1973 முதல் கொலராடோ ஆற்று நீரைக் கொண்டுவந்து பூமிக்குள் இறக்க வேண்டியதாயிற்று. பக்கத்து மாநிலமான அரிசோனா 1980ல் நிலத்தடி நீர்ச் சட்டம் போட்டது. அதன்கீழ் வந்த விதிகள் புது மைதானங்களைப் பதினெட்டுக் குழிக்குத் தொண்ணூறு ஏக்கர் புல் என்ற கணக்குக்குள் நிறுத்தின. வடிவமைப்பாளர்கள் வேறு வழியில்லாமல், கள்ளியும் கல்லும் இருந்தபடி இருக்க, நடுவில் தீவு தீவாகப் புல்லை வைத்தார்கள். தீவிலிருந்து தீவுக்கு அடிக்க வேண்டும். கொஞ்சம் யோசித்தால் இது பழைய விரிப்பு ஆட்டம்தான். விரிப்பு மட்டும் பெரிதாகியிருக்கிறது.

*

கணக்கெழுதிய காலத்தில் எங்கள் பில்களில் அதிகம் வந்த எழுத்து டி.எஸ்.ஈ. சுத்திகரித்த கழிவுநீர். கடல்நீரைக் காய்ச்சிப் புல்லுக்கு ஊற்றுவது கட்டுப்படியாகாது என்று வளைகுடா நகரங்கள் மெல்ல மெல்ல இதற்கு மாறின. நகரம் குளித்த, துவைத்த, கழுவிய நீர் அனைத்தும் சுத்திகரிப்பு நிலையம் போய், பூங்காவுக்கும் சாலையோரப் பூச்செடிக்கும் கோல்ஃபுக்கும் ஊதாக் குழாயில் திரும்பி வரும். இதில் நல்ல பொருளாதாரம் இருக்கிறது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் இலவசம், உரச்செலவு குறையும். உப்பு மட்டும் போகாது. கோடையில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். அதைக் கழுவிக் கீழே தள்ள, தேவைக்கு மேல் தண்ணீர் விட வேண்டும். விட்டது வடிந்து ஓட அடியில் சரளையும் குழாயும் வேண்டும். "உப்பு பூத்திருக்கு" என்று அண்ணன் சொன்னபோது அவருடைய மலையாளி சூப்பர்வைசருக்கு அந்த வார்த்தை பிடித்துப்போய் அவரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்.

2008ல் இந்தக் கழிவுநீர்க் கதை கொஞ்சம் நாறியது. நகரம் வளர்ந்த வேகத்துக்குச் சாக்கடைக் குழாய்கள் வளரவில்லை. கேம்ப்களின் கழிவுநீரை லாரிகள்தான் அள்ளிப்போக வேண்டும். அல் அவீர் நிலையத்தின் வாசலில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன. ஓட்டுநருக்கோ நடைக்கு இவ்வளவு என்று கூலி. பொறுக்க முடியாத சிலர் இரவில் மழைநீர் வடிகாலில் திறந்துவிட்டார்கள். அது ஜுமேராக் கடற்கரையில், பணக்காரர்கள் படகு விடும் இடத்தில் போய் எட்டிப்பார்த்தது. பத்திரிகைகளில் பெரிய செய்தி. நான் போய்ச் சேர்ந்தபோதும் ஆட்கள் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சிரிப்பில் எனக்கு ஒன்று தட்டியது. எங்கள் கேம்பில் ஆறு பேருக்கு ஒரு குளியலறை. விடியற்காலை மூன்று மணிக்கு வாளியோடு வரிசை. அந்தக் குளியல் தண்ணீர் லாரியில் ஏறி, அல் அவீர் போய், தெளிந்து, குழாயில் ஏறி, ராத்திரி ஏதோ ஒரு ஸ்பிரிங்லரில் வெளியே வருகிறது. அண்ணன் மறுநாள் அதன்மேல் நடந்து கோடு போடுகிறார். அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப சோப்பு கொஞ்சம் கம்மியா போடணும்" என்றார்.

இந்தப் புல்லை வெறுமனே திட்டிவிட்டுப் போக என்னால் முடியாததற்கு அவர்தான் காரணம். அவருடைய மூத்த மகள் நர்சிங் முடித்தது இந்த அருகில்தான். எங்கள் கம்பெனியில் சம்பளம் இரண்டு மாதம் பிந்திய வருடத்தில், கிரீனில் வேலை பார்த்த அவர்தான் அறை முழுவதற்கும் அரிசி வாங்கினார். தண்ணீர்க் கணக்கை எழுதுகிறவன் லிட்டரைத்தான் எழுத முடியும், இதற்கெல்லாம் ஏட்டில் இடம் கிடையாது. அதே சமயம் அந்த லிட்டர்களும் பொய்யில்லை. சுத்திகரித்த கழிவுநீர் என்றாலும் அதன் முதல் பிறவி காய்ச்சி இறக்கிய கடல்நீர்தான், அதற்கு எரிந்த வாயு எரிந்ததுதான்.

*

2006ல் டைகர் உட்ஸ் பெயரில் துபாயில் ஒரு மைதானம் அறிவிக்கப்பட்டது. இரண்டு வருடம் முன்னால் அவர் புர்ஜ் அல் அரப் உச்சியிலிருந்த ஹெலிகாப்டர் தளத்தில் நின்று கடலுக்குள் பந்தடித்த படம் உலகமெல்லாம் சுற்றியிருந்தது. துபாய்லேண்டில் அல் ருவய்யா என்று பெயர். மாளிகைகள், ஹோட்டல், நடுவில் அவரே வடிவமைக்கும் முதல் மைதானம். மண்மேடுகளை உருவாக்கினார்கள், மரங்களைக் கொண்டுவந்தார்கள், சில குழிகள் வரை புல்லும் பிடித்தது. 2008ல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. வேலை மெதுவாகி, நின்று, சில வருடம் கழித்துத் திட்டமே கைவிடப்பட்டது. எங்கள் அறையில் இது பெரிய பேச்சு. வேலை கிடைக்கும் என்று காத்திருந்தவர்கள் இருந்தார்கள்.

அங்கே புல் என்ன ஆகியிருக்கும் என்று ஒருநாள் அண்ணனிடம் கேட்டேன். அருகுதானே, வேரோடி உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்காதா?

"நம்ம ஊருன்னா கிடக்கும். ஆடிக்குக் கருகினாலும் ஐப்பசிக்கு எந்திரிச்சுரும். இங்க எந்த ஐப்பசி?" என்றார். பிறகு, மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, வரிசையாகச் சொன்னார். பம்ப் நின்ற மூன்றாம் நாள் தடம் எழாது. ஒரு வாரத்தில் மேட்டுப்பக்கம் வைக்கோல் ஆகும். கிரீன்தான் முதலில் போகும், செல்லமாக வளர்த்தது தாங்காது. ஓரத்தில் யாரும் கவனிக்காமல் விட்ட முரட்டுப் புல் கொஞ்ச நாள் நிற்கும். அப்புறம் காற்றடிக்கும் பக்கமிருந்து மணல் ஏறும்.

"பங்கர்தான் மொதல்ல ரொம்பும். காசு குடுத்து வாங்கிப் போட்ட வெள்ள மணல் எது, ஊரு மணல் எதுன்னு பத்து நாள்ல தெரியாமப் போயிரும்."